லினக்ஸில் சிக்னல், செஷன், எலிமென்ட்: நிறுவுவதில் ஏன் இத்தனை இழுபறி?

சிக்னல், செஷன், எலிமென்ட் என்ற தனியுரிமைச் செய்திச் செயலிகளை லினக்ஸில் நிறுவ முயன்ற ஒருவரின் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மேசைக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22, மடிக்கணினியில் உபுண்டு 24.04. மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடினால் சிக்னலே வரவில்லை. உபுண்டுவில் செஷனின் ஆப்இமேஜை (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கிச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. எலிமென்ட் எப்படியோ ஏறிவிட்டது, ஆனால் பழைய செய்திகள் எல்லாம் படிக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கின்றன. ஒருவர் ஸ்னாப் போடச் சொல்கிறார், இன்னொருவர் ஃபிளாட்பேக் என்கிறார் (இரண்டும் பல லினக்ஸ் வகைகளிலும் ஓடும்படி செயலிகளைக் கட்டித் தரும் வடிவங்கள்), மூன்றாமவர் ஒரு நீளமான கட்டளையைக் கொடுத்து அப்படியே டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஒட்டச் சொல்கிறார். தனியுரிமைக்காக லினக்ஸுக்கு வந்த என்னை இந்தச் செயலிகளே விரட்டுகின்றனவே, நான் எங்கே தப்பு செய்கிறேன்?

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று சிக்கலும் மூன்று வேறு நோய்கள், ஒரே மருந்து கிடையாது. அதைவிட முக்கியமாக, இவற்றுக்கு எல்லோரும் தரும் குறுக்குவழிகளில் பாதி, நீங்கள் எந்தப் பாதுகாப்புக்காக இந்தச் செயலியைத் தேடினீர்களோ அதையே கழற்றிவிடும். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிக்னல். சிக்னல் நிறுவனம் லினக்ஸுக்கு அதிகாரபூர்வமாகத் தருவது டெபியன் குடும்பத்துக்கான டெப் பேக்கேஜும் (நிறுவல் கோப்பு), ஆப்ட் என்ற நிறுவும் கருவி அதை எடுத்துக்கொள்ளும் ரெப்போவும் (இணையக் கிடங்கு) மட்டும்தான். டெபியன், உபுண்டு, மின்ட், பாப் ஓஎஸ் எல்லாம் அந்தக் குடும்பம், எனவே உங்கள் இரண்டு கணினியிலும் அது ஓடும். ஃபெடோராவுக்கு நிறுவனம் நேரடியாக எதுவும் தருவதில்லை. ஆர்ச்சில் அந்த டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) ஆட்களே தங்கள் ரெப்போவில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஃபிளாட்பேக் கடையான ஃபிளாட்ஹப்பில் இருக்கும் சிக்னலும் ஸ்னாப் கடையில் இருக்கும் சிக்னலும் தன்னார்வலர்கள் பராமரிப்பவை, சிக்னலின் சொந்த வெளியீடு அல்ல.

மின்ட்டில் சிக்னல் தெரியாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 2024-இல் வந்த மின்ட் 22, ஃபிளாட்ஹப்பில் 'சரிபார்க்கப்படாத' பேக்கேஜ்களைச் சாஃப்ட்வேர் மேனேஜரில் மறைத்து வைக்கிறது. செயலியை எழுதியவரே வெளியிடுகிறார் என்று உறுதி செய்யப்படாதவை எல்லாம் இந்தக் கணக்கில் வரும், சிக்னலும் அதில் ஒன்று. மேனேஜரின் விருப்பங்களில் ஒரு பொத்தானை மாற்றினால் தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்னாப் யோசனையோ மின்ட்டில் எடுபடாது, ஏனென்றால் 2020-இல் வந்த மின்ட் 20 முதலே ஸ்னாப்டு (ஸ்னாப்களை ஓட்டும் சேவை) அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. தடையை நீக்கலாம்தான், ஆனால் சிக்னலுக்காக மட்டும் அந்த வேலையைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். மின்ட் இப்படி மறைப்பது எரிச்சலாக இருக்கும், ஆனால் என் பார்வையில் சரியான முடிவுதான். ஒரு செய்திச் செயலியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு யார் வேண்டுமானாலும் ஒன்றைக் கட்டி ஏற்றலாம், முதல் முறையாகத் தேடுபவருக்கு எது அசல் என்று தெரியாது.

அப்படியானால் ஃபிளாட்ஹப் சிக்னல் ஆபத்தா? இல்லை. அந்தக் கட்டுமானக் குறிப்பு வெளிப்படையாக இருக்கிறது, யாரும் படிக்கலாம். அது செய்வது, சிக்னலின் அதிகாரபூர்வ டெப் கோப்பை இறக்கி, பிரித்து, ஃபிளாட்பேக் உறைக்குள் போடுவது. உள்ளே ஓடும் நிரல் சிக்னலுடையது, தொடங்கி வைக்கும் ஸ்கிரிப்ட்டும் அனுமதிகளும் தன்னார்வலர்களுடையவை. அதாவது நீங்கள் நம்ப வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடுகிறது. டெப் ஓடும் டிஸ்ட்ரோ கையில் இருக்கும்போது அந்தக் கூடுதல் ஆட்கள் தேவையில்லை. ஃபெடோரா போன்றவற்றில் ஃபிளாட்ஹப் சிக்னல்தான் நடைமுறையில் நல்ல வழி.

டெப் வழியில் போகும்போது இரண்டு இடத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, ரெப்போ வரியில் இருக்கும் 'செனியல்' என்ற சொல். அது உபுண்டு 16.04-இன் புனைபெயர். நம்முடையது 24.04 ஆயிற்றே, இந்தக் குறிப்பு பழசு போலிருக்கிறது என்று நினைத்து அதை 'நோபிள்' என்று திருத்துவார்கள், உடனே வெளியீட்டுக் கோப்பு இல்லை என்று ஆப்ட் கத்தும். சிக்னல் எல்லா வெளியீடுகளுக்கும் அந்த ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது. பார்க்க அபத்தமாக இருந்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்று சாவி, அதாவது பேக்கேஜின் கையெழுத்து சிக்னலுடையதுதானா என்று சரிபார்க்க உதவும் கோப்பு. பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஆப்ட்-கீ என்ற கட்டளையால் சாவியைச் சேர்க்கச் சொல்லும். அந்தக் கட்டளை பல ஆண்டுகளாகவே கைவிடப்படும் நிலையில் இருந்தது, 2025-இல் வந்த டெபியன் 13-இல் அடியோடு இல்லை. இப்போதைய முறை, சாவியைத் தனிக் கோப்பாகக் கீரிங்ஸ் கோப்புறையில் வைத்து, அந்த ரெப்போவுக்கு மட்டும் அந்தச் சாவி என்று 'சைன்டு-பை' வரியில் கட்டிப்போடுவது. பழைய முறையில் ஒருமுறை சேர்த்த சாவி உங்கள் கணினியின் எல்லா ரெப்போவுக்கும் கையெழுத்திடும் உரிமை பெற்றுவிடும், எனவே இந்த மாற்றம் வந்தது நல்லதுக்குத்தான். சாவி சரியாக அமையாவிட்டால் பொதுச்சாவி இல்லை என்ற பிழை வரும். அப்போது யாராவது ரெப்போ வரியில் 'டிரஸ்டட்=யெஸ்' என்று சேர்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் இறக்கும் பேக்கேஜ் சிக்னலிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தக் கையெழுத்து. அதைச் சரிபார்க்காமல் விட்டபின் உள்ளே எவ்வளவு உயர்ந்த மறையாக்கம் ஓடினாலும் அதற்கு அர்த்தமில்லை. சாவிக் கோப்பை அழித்துவிட்டு, சிக்னலின் சொந்தப் பதிவிறக்கப் பக்கத்தில் இன்றைக்கு இருக்கும் கட்டளைகளை முதலிலிருந்து ஓட்டுங்கள். பத்தில் எட்டுத் தடவை அதிலேயே சரியாகிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, டெபியனே தன் ரெப்போவில் சிக்னலை வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாததற்கு உருப்படியான காரணம் இருக்கிறது. சிக்னலின் ஒவ்வொரு வெளியீடும் சுமார் 90 நாளில் காலாவதி ஆகிவிடும், அதன்பின் அப்டேட் செய் என்று சொல்லி வேலை செய்ய மறுக்கும். டெபியன் நிலைப்பதிப்போ ஒரு பேக்கேஜை ஈராண்டுக்கு அப்படியே உறையவைத்து, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்றும் மரபு கொண்டது. இரண்டும் ஒத்துப்போகாது. போதாக்குறைக்கு இது எலக்ட்ரான் (வலைநுட்பத்தால் டெஸ்க்டாப் செயலி கட்டும் சட்டகம்) செயலி, தனக்குள் ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டவேண்டும் என்ற டெபியன் விதிக்குள் அதை அடக்குவது பெரும்பாடு. எலிமென்ட், செஷன், வயர், டெல்டா சாட் டெஸ்க்டாப் எல்லாமே எலக்ட்ரான்தான், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நிறுவி முடித்தபின் வரும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பிறகு வந்து கடிக்கும். சிக்னல் டெஸ்க்டாப் உங்கள் செய்திகளை மறையாக்கிய தரவுத்தளத்தில் வைக்கிறது. ஆனால் அந்தத் தரவுத்தளத்தின் சாவியைப் பல ஆண்டுகள் பக்கத்திலேயே ஒரு கன்ஃபிக் கோப்பில் வெற்று எழுத்தில் வைத்திருந்தது. 2018-இலேயே இது சுட்டிக்காட்டப்பட்டது, 2024-இல் மறுபடி பெரிய சத்தம் எழுந்தபின்தான் சாவியை இயங்குதளத்தின் கடவுச்சொல் பெட்டகத்தில் வைக்கும் ஏற்பாட்டுக்கு மாறினார்கள். லினக்ஸில் அந்தப் பெட்டகம் என்பது குனோம் கீரிங் அல்லது கேடிஇ-யின் கேவாலெட் (குனோம், கேடிஇ இரண்டும் டெஸ்க்டாப் சூழல்கள்). நல்ல மாற்றம்தான், ஆனால் புதிய தலைவலி ஒன்று வந்தது. குனோமில் சிக்னலை நிறுவிவிட்டு நாளை கேடிஇ-க்கு மாறினால், சிக்னல் வேறு பெட்டகத்தில் சாவியைத் தேடி, கிடைக்காமல், தரவுத்தளப் பிழை என்று நின்றுவிடும். உடனே பதறிப்போய்த் தரவை அழிக்கும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள், உரையாடல்கள் போய்விடும். பழைய டெஸ்க்டாப்பில் நுழைந்து திறந்து பாருங்கள், அல்லது எந்தப் பெட்டகம் என்பதைப் பாஸ்வேர்டு-ஸ்டோர் என்ற விருப்பத்தோடு குறிப்பிட்டுத் தொடங்குங்கள். சாவி அங்கேயே இருக்கும்.

ஃபிளாட்பேக் பதிப்பில் இது இன்னொரு மாதிரி. பெட்டகத்தோடு பேசும்போது தரவுத்தளம் கெட்டுப்போகும் புகார்கள் வந்ததால், அது இயல்பாகவே சாவியை வெற்று எழுத்தில்தான் வைக்கிறது, அதைச் சொல்லி முதலில் ஓர் எச்சரிக்கையும் காட்டுகிறது. மாற்ற நினைத்தால் ஃபிளாட்சீல் என்ற ஃபிளாட்பேக் அனுமதிக் கருவியில் அதற்கான சூழல்மாறியை அமைக்கலாம். ஆனால் எந்தப் பதிப்பானாலும் முதல் அரண் முழு வட்டு மறையாக்கம்தான். டிஸ்ட்ரோவை நிறுவும்போதே லக்ஸ் என்ற வட்டு மறையாக்கத் தேர்வைப் போட்டுவிட்டால் மடிக்கணினி திருடுபோனால்கூட இந்தக் கவலை இல்லை. கணினி திறந்திருக்கும்போது உங்கள் பெயரில் ஓடும் ஒரு தீய நிரலை, பெட்டகமும் பெரிதாகத் தடுத்துவிடாது.

சரி, செஷனுக்கு வருவோம். ஆப்இமேஜைச் சொடுக்கியும் ஒன்றும் நடக்காவிட்டால் முதல் வேலை, அதை டெர்மினலில் ஓட்டிப் பார்ப்பது. சொடுக்கும்போது பிழைச்செய்தி காற்றில் போய்விடும், டெர்மினலில் கண்ணுக்குத் தெரியும். பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். இயக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்பது முதலாவது, கோப்பின் பண்புகளில் ஒரு டிக் போட்டால் தீரும். இரண்டாவது ஃப்யூஸ், ஆப்இமேஜ் தன்னைத் திறந்துகொள்ளப் பயன்படுத்தும் நூலகம். பல ஆப்இமேஜ்கள் பழைய ஃப்யூஸ் 2 நூலகத்தை எதிர்பார்க்கின்றன, உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக வருவதில்லை. 24.04-இல் அந்தப் பேக்கேஜின் பெயர் லிப்ஃப்யூஸ்2டி64. இங்கே ஒரு பொறி இருக்கிறது: சிலர் வெறும் 'ஃப்யூஸ்' என்ற பேக்கேஜை நிறுவச் சொல்வார்கள், புதிய உபுண்டுவில் அது ஃப்யூஸ்3-ஐத் தூக்கிவிட்டு டெஸ்க்டாப்பின் பல பாகங்களையும் கூடவே நீக்கப் பார்க்கும். ஆப்ட் எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று பட்டியல் போடுகிறதோ அதைப் படிக்காமல் ஆமாம் என்று தட்டாதீர்கள்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது, உங்களுக்கு வந்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாண்ட்பாக்ஸ் (நிரலை அடைத்து ஓட்டும் சிறை) உதவி நிரல் சரியாக அமைக்கப்படவில்லை என்ற நீண்ட புலம்பலோடு செயலி மூடிக்கொள்ளும். எலக்ட்ரானுக்குள் இருக்கும் குரோமியம், வலைப்பக்கம் போன்றவற்றை வரையும் பகுதியைத் தனிச் சிறைக்குள் ஓட்டும். அந்தச் சிறையைக் கட்ட அது பயனர் பெயர்வெளி என்ற கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வசதியைப் பயன்படுத்துகிறது. உபுண்டு 24.04 அந்த வசதியைச் சாதாரண நிரல்களுக்கு ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் மூலம் கட்டுப்படுத்திவிட்டது, கெர்னல் ஓட்டைகளைச் சுரண்டுவதற்கு அது அடிக்கடி பயன்பட்டதால். டெப் பேக்கேஜாக நிறுவினால் சிறைக்கான ஏற்பாட்டை ரூட் அனுமதியோடு பேக்கேஜே செய்துகொள்ள முடியும். வீட்டுக் கோப்புறையில் கிடக்கும் ஆப்இமேஜால் முடியாது.

இதற்கு எங்கே தேடினாலும் கிடைக்கும் பதில், 'நோ-சாண்ட்பாக்ஸ்' என்று சேர்த்து ஓட்டு, உடனே திறக்கும் என்பது. திறக்கும்தான். ஆனால் செய்திச் செயலி என்பது முன்பின் தெரியாத ஆட்கள் அனுப்பும் படங்களையும் இணைப்புகளையும் கோப்புகளையும் திறந்து காட்டும் நிரல், அந்தச் சிறை மிகவும் தேவைப்படும் இடமே அதுதான். சிறையில்லாமல் ஓட்டுவதைவிட வேறு வழி பார்ப்பது மேல். செஷன் டெப் கோப்பாகவும் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்இமேஜ்தான் வேண்டும் என்றால், அந்தக் கோப்பு இருக்கும் பாதையைக் குறிப்பிட்டு, அதற்கு மட்டும் பயனர் பெயர்வெளி அனுமதி தரும் சிறிய ஆப்ஆர்மர் விதிக் கோப்பு ஒன்றை எழுதலாம், நாலைந்து வரிதான். சிஸ்சிடிஎல் என்ற கெர்னல் அமைப்புக் கட்டளை மூலம் அந்தக் கட்டுப்பாட்டையே கணினி முழுவதும் நீக்குவது மூன்றாவது வழி, எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு செயலிக்காக எல்லா நிரல்களுக்கும் கதவைத் திறப்பது.

அப்புறம் எலிமென்ட். இதில் லினக்ஸ் மேல் பழி போட முடியாது. எலிமென்ட் ஓடும் வலையமைப்பான மேட்ரிக்ஸில் ஒவ்வொரு உள்நுழைவும் தனிச் சாதனம். மறையாக்கிய அறையின் செய்திச் சாவிகள் அப்போது இருந்த சாதனங்களுக்குத்தான் அனுப்பப்பட்டன, இன்று புதிதாக நுழைந்த உங்கள் உபுண்டுவிடம் பழைய சாவிகள் இல்லை. இரண்டு வழிகளில் அவை வந்து சேரும்: ஏற்கெனவே உள்ள சாதனத்திலிருந்து இந்தப் புதிய உள்நுழைவைச் சரிபார்ப்பது, அல்லது மீட்புச் சாவியைக் கொடுத்து சர்வரில் இருக்கும் மறையாக்கிய காப்புநகலைத் திறப்பது. இரண்டுமே இல்லையென்றால் பழைய செய்திகள் போனதுதான், சர்வரை நடத்துபவராலும் திறக்க முடியாது, திறக்க முடியக்கூடாது என்பதுதானே ஏற்பாடு. இன்றே மீட்புச் சாவியை உருவாக்கி, கடவுச்சொல் மேலாளரில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, ஒரே கணினியில் டெப் எலிமென்ட், ஃபிளாட்பேக் எலிமென்ட், உலாவி எலிமென்ட் என்று மாற்றி மாற்றி முயன்றிருந்தால் மேட்ரிக்ஸின் கண்ணில் அவை மூன்று சாதனங்கள். ஒன்றைத் தவிர மற்றவற்றிலிருந்து முறையாக வெளியேறுங்கள்.

எலக்ட்ரான் பிடிக்காவிட்டால் மேட்ரிக்ஸுக்கு குனோமில் ஃபிராக்டல், கேடிஇ-யில் நியோசாட் உண்டு. தேர்ந்தெடுக்கும்முன் ஒன்றைப் பாருங்கள்: பல மாற்றுச் செயலிகள் நெடுநாள் நம்பியிருந்த லிப்ஓல்ம் என்ற மறையாக்க நூலகம் 2024-இல் கைவிடப்பட்டது, அதன் இடத்தில் ரஸ்ட்டில் எழுதப்பட்ட வோடோசெமாக் வந்திருக்கிறது. ஃபிராக்டல் அந்தப் புதிய வழிக்கு ஏற்கெனவே போய்விட்டது.

டெர்மினலில் ஒட்டச் சொல்லும் நீளக் கட்டளை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு ஸ்கிரிப்ட்டை இறக்கி நேரே சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) பாஷுக்கு (கட்டளைகளை ஓட்டும் நிரலுக்கு) ஊற்றும் வகை என்றால், குறைந்தபட்சம் கோப்பாக இறக்கி ஒருமுறை வாசித்துவிட்டு ஓட்டுங்கள். வாசித்துப் புரியவில்லையென்றால் அதை ஓட்டாமல் விடுவதே வசதி.

வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி அமைப்பின் தொல்லைகள் எல்லோருக்கும் வருவதால் வேகமாகச் சொல்கிறேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் எலக்ட்ரான் பழைய எக்ஸ் அமைப்பு வழியாக ஓடுகிறது, பழைய எலக்ட்ரான் பதிப்புகளில் ஓசோன் பிளாட்ஃபார்ம் குறிப்பைத் தானியங்கியாக வைத்தால் தெளியும். ஆங்கிலம் அல்லாத மொழியில் தட்டச்சு செய்பவர்கள் கூடவே வேலண்ட் ஐஎம்இ (மொழி உள்ளீட்டு) விருப்பத்தையும் போடவேண்டி வரலாம். குனோமில் தட்டுச் சின்னம் தெரியாததற்குச் செயலி பொறுப்பல்ல, ஆப்இண்டிகேட்டர் நீட்சி வேண்டும். ஃபிளாட்பேக்கில் கோப்பை இழுத்துப் போட்டால் போகவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை, வீட்டுக் கோப்புறை முழுவதையும் திறந்துவிடாமல் பதிவிறக்கக் கோப்புறையை மட்டும் கொடுங்கள்.

இவ்வளவு படித்தபின் எளிதாக ஏறும் செயலி எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, டெலிகிராம். ஒரு கோப்பை இறக்கிப் பிரித்தால் எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும், தானே அப்டேட் செய்துகொள்ளும், கைதட்டலாம். ஆனால் அதன் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் அல்லாதவை, அந்த மறையாக்கம் உள்ள ரகசிய உரையாடல் வசதியோ லினக்ஸ் டெஸ்க்டாப் பதிப்பில் இல்லை. வாட்ஸ்அப்புக்கு லினக்ஸ் செயலியே கிடையாது, கடைகளில் அந்தச் சாயலில் இருப்பவை எல்லாம் வலைப்பதிப்பைச் சட்டமிட்டுத் தரும் வெளியார் உறைகள். அதற்கு நேராக உலாவியிலேயே திறந்துகொள்ளலாம், நடுவில் இன்னொருவர் எதற்கு.

உண்மையிலேயே சிரமமில்லாமல் ஏறுவதும் தனியுரிமை தருவதுமாக வேண்டுமென்றால் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த செய்தி நெறிமுறையின் பக்கம் பாருங்கள். அதற்கான டினோ, கஜிம் ஆகிய இரண்டு செயலிகளும் டெபியன், உபுண்டு ரெப்போக்களிலேயே இருக்கின்றன, எலக்ட்ரான் இல்லை, வெளிச்சாவி இல்லை, ஒரே கட்டளை. ஒமெமோ மறையாக்கம் ஒவ்வோர் உரையாடலிலும் இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்டா சாட்டும் தொலைபேசி எண் கேட்காது, கணினியிலேயே கணக்குத் தொடங்கலாம். சிம்பிள்எக்ஸும் எண் கேட்காது, ஆனால் ஒரே சுயவிவரத்தைக் கைபேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்ட முடியாது, கணினி அதே உள்வலையில் இருக்கும் கைபேசியோடு இணைந்துதான் அதைக் காட்டும், யூஎஃப்டபிள்யூ போன்ற தீச்சுவர் வைத்திருந்தால் அந்த இணைப்பு மௌனமாகத் தோற்றுப்போகும். சிக்னலுக்குக் கைபேசி முதன்மைச் சாதனம், லினக்ஸ் பதிப்பு அதோடு இணைக்கப்படுவது மட்டுமே. கைபேசி இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துப் பதிவுசெய்ய சிக்னல்-சிஎல்ஐ என்ற வெளியார் கருவி உண்டு, டெர்மினலில் பொறுமை உள்ளவர்களுக்கு.

உங்களுக்கு என் யோசனை: இரண்டு கணினியிலும் சிக்னலை அதிகாரபூர்வ டெப் ரெப்போ வழியாகப் போடுங்கள், செஷனை டெப் கோப்பாக மாற்றுங்கள், எலிமென்ட்டைத் திரும்ப நிறுவாமல் கைபேசியிலிருந்து சரிபாருங்கள். இதுவரை முயன்ற ஸ்னாப், ஃபிளாட்பேக் சிக்னல்களை நீக்கும்முன் கைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்து, தேவையற்ற ஒவ்வொன்றையும் துண்டித்துவிடுங்கள். சிக்னல் அதிகபட்சம் ஐந்து சாதனங்களைத்தான் அனுமதிக்கும், கணினியில் செயலியை நீக்கிவிட்டால் மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து அது உடனே போய்விடாது.